ஐந்தாவது பையில் நாட்டுத் தக்காளி

சுலோச்சனாவின் இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம் இருந்தது. மற்ற நான்கும் தக்காளிக்குப் போய்விட்டன.

அந்த ஊரில் அதுதான் முறை. ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலும் ஐந்து வகைத் தக்காளி வளர்க்க வேண்டும். பழுத்ததும் சுவை அதிகாரி வருவார். வீட்டுத் தலைவர் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். வேறு எதைச் சொன்னாலும் வளர்த்தவருக்கு ஒரு விரல் போகும். ஐந்து வகையும் தேறாவிட்டால் வலது கை, மணிக்கட்டோடு. அதிகாரி மரியாதையானவர். “கொஞ்சம் கையக் குடுங்க” என்று கேட்டுத்தான் வெட்டுவார்.

தக்காளிகளும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வகையின் விதைப் பொட்டலத்தில் குழந்தைத் தலை அளவுக்குப் படம் போட்டிருந்தது. காய்த்தது கோலிக்குண்டு. இரண்டாவது கறுப்புத் தக்காளி. பார்க்கச் சூம்பிய கத்தரிக்காய், ருசியும் அதேதான். மூன்றாவது மஞ்சள். அழகென்றால் அப்படி ஓர் அழகு, கடித்தால் வெறும் தண்ணீர். நான்காவதன் தோலுக்குள் பல் இறங்கவில்லை. ஆணியால் குத்தித்தான் தின்ன முடிந்தது.

தின்றவர் அவள் கணவர் நாச்சிமுத்து. நான்கு தடவையும் மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“பரவால்லீங்க.”

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் உண்டு. ‘பரவாயில்லை’ இரண்டாவது கட்டத்தில் விழும். அதிகாரி பையைத் திறந்து கவாத்துக் கத்தரியை எடுப்பார். செடியில் வேண்டாத கிளையை வெட்டுகிற அதே கத்தரிதான். நறுக்கென்று ஒரு சத்தம். பிறகு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

பாவி மனுஷன். பொய் பேச மாட்டேன் என்று அவருக்கு விரதம் ஒன்றும் கிடையாது. ஆபீசில் லீவு வாங்க ஒரே மாமாவை மூன்று தடவை சாகடித்தவர். இந்த ஒரு வார்த்தைதான் வாயில் வராது. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்துக் கேட்டபோது பரவால்ல. பிறந்த மகளை நர்ஸ் தூக்கிக் காட்டியபோதும் பரவால்ல. இருபத்தேழு வருஷம் அவள் வைத்த ரசத்தை மூன்றாம் தடவை ஊற்றிக் குடித்துவிட்டு, அதுவும் பரவால்ல.

பக்கத்து மாடியில் ரங்கநாயகி கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து பத்து விரலாலும் பூக் கட்டிக்கொண்டிருப்பாள்.

“எங்கூட்டுக்காரரு தேனாட்டம் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாருங்க” என்பாள். “அழுகலுங்க அது. உள்ள ரெண்டு புழு வேற.”

சுலோச்சனா விருட்டென்று எழுந்திருப்பாள். பூவாளியை எடுத்துக்கொண்டு போய் நாச்சிமுத்துவின் மண்டையில் அடிப்பாள். அவர் விலக மாட்டார். அடிபட்ட இடத்தைத் தடவிவிட்டு, அவள் விரலுக்குக் கட்டுப் போட்ட துணியை அவிழ்த்து, மஞ்சள் வைத்து, புதுத் துணி கட்டுவார். வெட்டிய விரல்களையும் அவர்தான் எடுத்துப் புதைத்தார். நான்கையும் ஐந்தாவது செடி நின்ற மண்பைக்குள்.

“அதுல எதுக்குப் போட்டீங்க?”

“கண்ட எடத்துல போட மனசு வல்ல.”

அந்த ஐந்தாவது வகை நாட்டுத் தக்காளி. பொட்டலம் இல்லை, படம் இல்லை. பத்தே நாளில் செடி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. ஒரே ஒரு காய் பிடித்தது. சுலோச்சனா வலது கையைப் பார்த்துக்கொண்டாள். மாவு பிசைவது, கோலம் போடுவது, மகளுக்குக் கடிதம் எழுதுவது, எல்லாம் அந்தக் கைதான். அது போய்விட்டால் இந்த வீட்டில் நான் யார் என்று நினைத்தாள். பயமாக இருந்தது.

பயிற்சி கொடுத்தாள். தினமும் காலையில் அவரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? சொல்லுங்க. நல்லா இருக்கு.”

“நல்லா...”

“ம்.”

“நல்லா... பரவால்ல.”

பூவாளி இறங்கும். ஒன்பதாம் நாள் பூவாளியின் மூக்கு நெளிந்து அவர் பக்கமே திரும்பிக்கொண்டது. அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணாடிக்குள் இருந்தவர் அழவில்லை. அவரும் பரவால்ல என்றுதான் சொன்னார்.

“வரமாட்டீங்குதே புள்ள” என்றார் நாச்சிமுத்து. “தொண்டை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருது.”

காய் பழுத்தது. மாடிப்படி அறுவடைக்கு அறுவடை நீண்டுகொண்டே வந்ததில், அதிகாரி ஒரு நாள் காலையில் ஏறத் தொடங்கி மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் மேலே வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. சுலோச்சனா மோர் கொடுத்தாள்.

“மோர் ரொம்ப நல்லா இருக்குங்க” என்றார் அதிகாரி.

“புளிச்சுப்போச்சுங்க. ஏதோ இருக்குங்க.”

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை விரித்தார். நாச்சிமுத்து பழத்தைப் பறிக்கவில்லை. அதிகாரியின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“ஒரு சந்தேகமுங்க. சொல்ற வாய் ரிப்பேர் ஆயிருச்சுன்னா யாருங்க சொல்றது?”

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “வளத்தவங்களே தின்னுபோட்டுச் சொல்லலாமுங்க.”

நாச்சிமுத்து தலையாட்டினார். அதிகாரியின் பையிலிருந்து கவாத்துக் கத்தரியை எடுத்தார். அதைச் சுலோச்சனாவின் வலது கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து நாக்கை நீட்டினார்.

“என்னங்க இது?” என்றாள்.

நாக்கை உள்ளே இழுத்து, “வெட்டிப்போடு புள்ள. கை முக்கியம்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் நீட்டினார்.

இருபத்தேழு வருஷ ஆத்திரம் அவள் கையில் இருந்தது. அன்பும் அதே கையில்தான் இருந்தது. எது வெட்டியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நறுக்கென்று சத்தம் வந்தது. நாக்கு தரையில் இரண்டு தரம் துள்ளிவிட்டு அடங்கியது. அதிகாரி தன் படிவத்தில் ரத்தம் படாமல் நகர்த்தி வைத்துக்கொண்டு ‘வாய் பழுது’ என்று எழுதினார்.

சுலோச்சனா பழத்தைப் பறித்துக் கடித்தாள்.

அப்படி ஒரு தக்காளியை அவள் தின்றதில்லை. தோல் இருந்ததே தெரியவில்லை. புளிப்பு முதலில் வந்தது, இனிப்பு பின்னால் வந்தது, அதற்கும் பின்னால் அவளுக்கே தெரிந்த ஏதோ ஒரு ருசி வந்தது. அவள் ரசத்தில் வருகிற ருசி. கண்ணில் நீர் முட்டியது. தப்பித்தோம் என்று நினைத்தாள். கை தப்பித்தது. வீட்டுக்காரரைக் காலமெல்லாம் உட்கார வைத்துச் சோறு போடலாம்.

அதிகாரி பேனாவை முதல் கட்டத்தின் மேல் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விருந்துக்கு வந்தவரைப் போலச் சிரித்தபடி கேட்டார்.

“எப்படிங்க இருக்குது உங்க தக்காளி?”

உங்க தக்காளி என்று கேட்டுவிட்டார். தான் வளர்த்ததை, தான் சமைத்ததை, கேட்டவரிடம் எவள் நன்றாக இருக்கிறது என்று சொல்வாள்? வாய் தானாகத் திறந்தது.

“ஏதோ, பரவால்லீங்க” என்றாள் சுலோச்சனா.

பேனா இரண்டாவது கட்டத்துக்கு நகர்ந்தது.

“ஐயோ, இல்லீங்க. அது சும்மா ஒரு பேச்சுக்குங்க.”

“எழுதியாச்சுங்க” என்றார் அதிகாரி. அவருக்கும் வருத்தம்தான். பெருமூச்சு விட்டபடி பைக்குள் கையை விட்டுக் கொடுவாளை எடுத்தார். ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். “கட்டைவெரலு வேண்டாமுங்க, அது இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கையக் குடுங்க.”

அப்போது நாச்சிமுத்து எழுந்தார். அவள் கையிலிருந்த மீதித் தக்காளியைப் பிடுங்கி வாய்க்குள் திணித்தார். ரத்தமும் சாறும் தாடையில் வழிந்து சட்டையில் இறங்கின. மெல்லுவதைப் பாதியில் நிறுத்தினார். அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு, ஊரே கேட்கும்படி கத்தினார்.

“ஞ்ஞ்ஆ... இஉக்கு.”

பக்கத்து மாடியில் ரங்கநாயகி பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

“என்னங்க சொல்றாரு?” என்றார் அதிகாரி. “ஒண்ணும் புரியலீங்களே.”

சுலோச்சனாவுக்குப் புரிந்தது. வலது கையைக் கைப்பிடிச் சுவரின் மேல் நீட்டி வைத்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டாள். முகத்தை மட்டும் கணவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்க” என்றாள்.

அவர் சொன்னார்.