ரோஜாப்பூ மறைத்த ‘வாங்க’

இந்தக் காலத்துக் கல்யாணத்தில் எவனாவது எவனையாவது வாய் திறந்து “வாங்க” என்று கேட்கிறானா? வாசலில் நிற்கிறவன் கையிலும் செல்போன், உள்ளே வருகிறவன் கையிலும் செல்போன். ஒருத்தனை ஒருத்தன் படம் பிடித்துக்கொண்டு நேரே பந்திக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டையாம்பட்டி ஆண்டிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அந்த ஒரு “வாங்க”வுக்காகத்தான் அவருடைய மச்சினன் செங்கோடன் பல வருஷமாக அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மகள் தமிழ்ச்செல்வி கல்யாணத்தில் வந்த வினை. மண்டப வாசலில் ஆண்டி தன்னை வாங்க என்று கேட்கவில்லை, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் திரும்பினேன் என்பது செங்கோடன் கட்சி. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன் என்பது ஆண்டி கட்சி. நடுவில் ஆண்டியின் மனைவி ராமாயிதான் தம்பி வராத நல்ல நாளிலெல்லாம் கண்ணைக் கசக்கினாள்.

சாட்சி கல்யாண டிவிடியில் இருந்தது. அதுவோ பூஞ்சை பிடித்து, போட்டதும் நின்றுவிடும். “வீட்ல இருக்கற எல்லா டிவிடியையும் பென்டிரைவ்ல ஏத்திரலாம்ப்பா” என்று மகள் சொன்னபோது, மச்சினன் மூக்கை உடைக்கலாம் என்றுதான் ஆண்டி சம்மதித்தார்.

அந்த வேலை செய்கிற சௌந்திரத்தின் கடை அஸ்தம்பட்டியில். வைத்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னாள்.

“உட்டுட்டுப் போறதுக்கு இதென்ன அரைக்கக் குடுத்த மாவா? நான் இங்கயே உக்காந்துக்கறேன் அம்மணி.”

உட்கார்ந்தார். அவள் மெல்லிய துணியால் ஒவ்வொரு தட்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டாள். மெஷின் கரகரத்து, திக்கி, கடைசியில் வழிக்கு வந்தது.

“ஏனுங்கய்யா, எங்க கடைக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்கட்டுங்களா? பென்டிரைவ் கெட்டுப்போனா உதவும்.”

“எங்கூட்டுக் கல்யாணம் உங்க பொட்டிக்குள்ள எதுக்கு இருக்கோணும்? அழிச்சுப்போடு.”

“சரிங்க. இந்தத் தட்டையெல்லாம் தோட்டத்துல மயில் வெரட்டக் கட்டிக்கங்க.”

“குடு இப்படி!” என்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆதாரம் இருக்கிறது என்று ராமாயி போன் போட்டதும், ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தான். வந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கனைத்தான். ஆண்டி டிவிக்குப் பின்னால் பென்டிரைவைத் தலைகீழாகச் செருகிப் போராடிக்கொண்டிருந்தார். ராமாயி அவர் இடுப்பில் குத்தினாள்.

“ஏனுங்க, தம்பி வந்து நிக்கறான். மறுக்காவும் கேக்காம உட்டுப்போடாதீங்க!”

ஆண்டி பாய்ந்து வாசலுக்கு வந்தார். “வாங்க மாப்ள! வாங்க, வாங்க! தெருவுல இருக்கறவங்கெல்லாம் கேட்டுக்கங்கப்பா, நான் கேட்டுட்டேன்!”

“காது செவுடாப் போவுது மச்சான். வாரேன்” என்று செங்கோடன் செருப்பைக் கழற்றினான்.

படம் ஓடியது. மண்டப வாசல். சீர்த்தட்டோடு செங்கோடன் வருகிறான். ஆண்டி திரும்புகிறார், கை குவிகிறது, வாய் திறக்கிறது. அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து ஒரு ரோஜாப்பூ சுற்றிச் சுற்றி வந்து, முறம் அளவுக்குப் பெருத்து, ஆண்டியின் முகத்தை அடைத்தது. வீடியோக்காரன் வேலை. பேச்சுச் சத்தம் இல்லை, நாதஸ்வரம்தான்.

“பாத்தீங்களா? கேக்கவே இல்ல!”

“ரோசாப்பூவுக்குப் பொறத்தால கேட்டேன் மாப்ள. கும்புட்ட கை தெரியலையா?”

“கை கும்புட்டுது. வாய் கொட்டாவி உட்டிருக்கும்.”

அடுத்து பந்தி வந்தது. முதல் வரிசையில் செங்கோடன். பாயசத்தை இலையில் வழித்து நக்கிவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லிக் கை காட்டினான். வாளியோடு குனிந்து ஊற்றியவர் சாட்சாத் ஆண்டி.

ராமாயிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. “பச்சத்தண்ணி பல்லுல படலைன்னியேடா!”

“தண்ணிதானக்கா படலைன்னேன். பாயசத்தைப் பத்தி நான் வாயே தொறக்கலியே” என்ற செங்கோடன், தலையைச் சொறிந்தான். “ஆமா, இன்னைக்குப் பாயசம் வெக்கலியா?”

ராமாயி அடுப்படிக்கு ஓடினாள்.

ஆண்டி பென்டிரைவைப் பிடுங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அத்தனை பெரிய கல்யாணம் இந்தக் கட்டைவிரலுக்குள்ளா? ஒரு எலி தூக்கிப்போனால் தீர்ந்தது. அதை டிவி மேலேயே போட்டுவிட்டு, பழைய டிவிடிகளை முறுக்கு டப்பாவில் அடுக்கி அழுத்தி மூடினார்.

“கும்புட்டுக்கிட்டே எவனாச்சும் கொட்டாவி உடுவானா?” என்று முனகியபடி டப்பாவை இடுக்கிக்கொண்டு உள்ளறைக்கு நடந்தார்.