நாலாவது கூண்டு

இந்துமதி ஊசியைப் போட்டு, வெள்ளெலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டாள். வலிப்பை வரவழைக்கிற ஊசி. அதற்கு முன்பே முருங்கையிலைச் சாறு கொடுத்தாயிற்று. சாறு காப்பாற்றுமா என்பதுதான் அவளுடைய எம்.ஃபார்ம் ஆராய்ச்சி. எலி கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது. பிறகு சடாரென்று சாய்ந்து, கால்கள் விறைத்து உதறத் தொடங்கியது. "அட கடவுளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சாறு குடித்த எலிகள் அத்தனையும் இப்படித்தான் விழுந்தன. வெறும் தண்ணீர் குடித்த எலிகளுக்கும் இவற்றுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

மூலனூரில் இருக்கும் அவர்கள் தோட்டத்து இலை அது. அம்மா முத்தாத்தாள் தன் கையாலேயே உருவி, நிழலில் காயவைத்துக் கொடுத்தது. அண்ணன் சுரேந்தருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. நல்லூரில் பனியன் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். மாத்திரை பையனை மந்தமாக்குகிறது என்று அம்மாவுக்குத் தீராத கோபம். "அந்தக் கருமத்தத் தின்னு தின்னே எம் பையன் தூங்குமூஞ்சி ஆயிட்டான்" என்று வைவாள். எலிகள்மேல் மட்டும் கொள்ளைப் பாசம். சோதனை தொடங்கிய அன்று ஒரு டப்பா நிறைய வறுத்த கடலை கொடுத்தனுப்பினாள்.

"நம்ம பையனுக்காகப் பாடுபடுதுங்க. வெறும் வயித்தோட உட்டுறாத கண்ணு."

கல்லூரியில் வெளித்தீனி போடக்கூடாது. கடலையை இந்துமதிதான் தின்று தீர்த்தாள். எலிகள் விரும்பிச் சாப்பிட்டன என்று அம்மாவிடம் ஒரே போடாய்ப் போட்டாள்.

நாலாவது கூண்டு பாக்கி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அண்ணன் தினமும் போடுகிற அதே மருந்தைக் கொடுத்திருந்த எலிகள். ஊசி போட்டாள். எலிக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். முன்னங்காலால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். இத்தனை வருஷம் அண்ணன் ரோட்டைத் தாண்டிப் போய், ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று, முழுசாக வீடு திரும்பியது எதனால் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"காலைல மாத்திரை போடல கண்ணு. இன்னிக்குத்தான் உனக்கு ரிசல்ட்டாச்சே, இனி நம்ம இலைதான்னு அம்மா சாறு குடுத்துட்டாங்க" என்றான். பின்னால் மெஷின் இரைந்தது.

"ஐயோ, மெஷின்கிட்ட நிக்காதீங்கண்ணா! யாராச்சும் வண்டில கொண்டாந்து உடச் சொல்லி ஊட்டுக்குப் போங்க. நான் வந்தர்றேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஆவலாக எழுந்து வந்தாள்.

"செயிச்சுதா கண்ணு?"

"இல்லீங்கம்மா. நம்ம இலை ஒரு எலியக்கூடக் காப்பாத்தல."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஒண்ணுமே தப்பிக்கலையா?"

"தப்பிச்சுதுங்கம்மா. அண்ணன் மாத்திரையக் குடிச்ச எலிக. ஒண்ணுகூட உழுகல."

அம்மா உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுரேந்தர் கையை நீட்டினான். அவள் கையில் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல அவன் வாயில் தானே போட்டு, டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். அவன் குடிக்கக் குடிக்க, தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.