அமெலிதா வீட்டுக் குழாய்

என் தம்பி சாந்தோவுக்கு மூளை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது, அத்தனையும் குழாய்க்குள் போய்விட்டது. மோலோவில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எனக்கு ஹார்டுவேர் கடை. என் பெயர் டோராய். ஊரில் இளையவர்களுக்கெல்லாம் நான் மனாங், அக்கா. இவனுக்கும் அப்படித்தான். காலையில் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்திருப்பான். எங்கே குழாய் ஒழுகினாலும் ஆட்கள் இங்கேதான் சொல்லி அனுப்புவார்கள்.

வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. மரை ஓடும் பக்கமாகவே டேப்பை இழுத்துச் சுற்றுவான், மேலே பேஸ்ட்டைத் தடவுவான், முறுக்குவான். "நான் போட்ட ஜாயின்ட் என்னோட சவப்பெட்டிக்கு அப்புறமும் இருக்கும்" என்பான். இந்தப் பெருமைதான் அவனைக் கெடுத்தது.

அமெலிதா பள்ளிச் சீருடை தைப்பவள். இவனுக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். தெருவுக்கே தெரியும், அவளுக்குச் சொல்லத்தான் இவனுக்கு வாய் வரவில்லை. இவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு கப்பல்காரன் வந்து அவளைக் கட்டிக்கொண்டான். அந்த மனிதன் செத்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. இவன் வாய் அப்போதும் திறக்கவில்லை.

போன வெயில் காலத்தில் அவள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இவன் புது பிளாஸ்டிக் குழாய் போட்டான். உள்ளே ரப்பர் வளையம், மேலே ஒரு பெரிய நட்டு. முறுக்கினால் வளையம் குழாயைக் கவ்விக்கொள்ளும். முறுக்கியதும் ஓடி வந்துவிட முடியாது. எங்கள் பக்கம் பகலில் குழாய் வறண்டு கிடக்கும், சாயங்காலம்தான் தண்ணீர் வரும். தண்ணீர் வந்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை அவள் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள், இவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கோழி சூப் கொடுத்தாளாம்.

"என்னடா பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி எப்ப வரும்னு பேசுனோம்."

"அவ்ளோ நேரமுமா?"

"அன்னைக்கு லேட்டாத்தான் வந்துச்சு மனாங்" என்றான். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

மழை தொடங்குவதற்கு முன்னால் அமெலிதா கடைக்கு வந்தாள். ஸ்பானர் வேண்டும் என்றாள், பெரிதாக. எதற்கு என்றேன். தையல் மிஷினுக்கு என்றாள். அந்த ஸ்பானரில் லாரிச் சக்கரத்தையே கழற்றலாம். நான் ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். கேட்டால் அவள் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரமே அவள் வீட்டுக் குழாய் ஒழுகியது. சாந்தோ ஓடினான், முறுக்கினான், தண்ணீருக்காகக் காத்திருந்தான், சூப் குடித்தான். கொஞ்ச நாளில் மறுபடியும் ஒழுகியது. இவன் முதலில் ஜீப்னி வண்டிகள் ஓடித் தெரு அதிர்வதைக் குறை சொன்னான், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீ விக்கிற வளையமே மட்டம் மனாங். சீக்கிரம் தேஞ்சு போகுது."

"என் வளையத்துக்கு ஒண்ணும் இல்ல. உன் தலைக்குள்ளதான் என்னமோ தேஞ்சிருக்கு."

மூன்றாவது தடவை அவள் சொல்லி அனுப்பியபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்த்தெருக் குழாய்க்காரன் பெர்டிங் சும்மா இருப்பானா?

"சாந்தோ, சவப்பெட்டி ரெடியா? ஜாயின்ட் முந்திக்கிச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தோவின் காது சிவந்துபோனது. "இந்த நட்டே வேணாம். அறுத்தெடுத்துட்டு மரைக் குழாயாப் போடுறேன். மனாங், அந்தச் செவப்பு பேஸ்ட்ட எடு" என்றான்.

அந்தப் பேஸ்ட் காய்ந்தால் கல். பிறகு குழாயை அறுக்கலாமே தவிர, கழற்ற முடியாது. "தீந்து போச்சு" என்றேன், டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளிக்கொண்டே.

"அதோ இருக்கே."

"அது பழசு. சாதாரண டேப்பே போதும்டா. பொம்பளை தனியா இருக்கா. என்னைக்காவது கழட்ட வேண்டி வந்தா?"

"யாரும் கழட்ட முடியாதபடிதான் போடப்போறேன்" என்று குனிந்து அவனே எடுத்துக்கொண்டு போனான். பின்னாலேயே போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் வாயால் வர வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? கடையிலேயே இருந்துவிட்டேன்.

சாயங்காலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "இனிமே ஒரு சொட்டு வராது."

வரவில்லை. ஒரு சொட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. முதல் வாரம் பெர்டிங்கிடம் பெருமை பேசினான். பிறகு வாசலில் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்தான். மழை பெய்தது, ஊரெல்லாம் ஒழுகியது, நாலா பக்கமும் கூப்பிட்டார்கள். போய் வருவான், வந்ததும், "வேற யாராச்சும் தேடுனாங்களா?" என்பான்.

"வேற யாரு?"

"சும்மா கேட்டேன்."

வேலை எந்தத் திசையில் இருந்தாலும் அமெலிதா தெரு வழியாகவே சைக்கிளை விட்டான். மிஷின் சத்தம் கேட்குமாம். ஒருநாள், "அந்த சூப்புல பூண்டு எவ்ளோ போடுவாங்க மனாங்?" என்று கேட்டான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

நேற்று மழை விட்டிருந்தது. சாந்தோ வாசலில் உட்கார்ந்து குழாய்க்கு மரை வெட்டிக்கொண்டிருந்தபோது அமெலிதா வந்தாள். மேசைமேல் அந்த ஸ்பானரை வைத்தாள்.

"மனாங், இதத் திருப்பி எடுத்துக்குவீங்களா? எங்க வீட்ல இனி இதுக்கு வேலையில்ல."

அவளது வலது உள்ளங்கையில் தோல் உரிந்து, புண் ஆறாமல் இருந்தது. நான் பார்த்ததைக் கண்டு கையை மூடிக்கொண்டாள். பிறகு சாந்தோ பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப நல்லா அடைச்சிட்ட சாந்தோ. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன்."

இந்த மடையன், "அது அப்படித்தான் புடிக்கும்" என்றான்.

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். இவன் எழுந்து வந்து ஸ்பானரைக் கையில் எடுத்தான். அதன் பல்லில் நீலப் பிளாஸ்டிக் சீவல் ஒட்டியிருந்தது, பழைய நட்டின் நிறம். அதன்மேல் சிவப்பு பேஸ்ட்டின் பொடி. விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"மனாங், இத எப்ப வாங்குனா?"

"மழைக்கு முன்னால."

"எதுக்காம்?"

"தையல் மிஷினுக்காம்."

"தையல் மிஷினுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. "கையில புண்ணு, பாத்தியா?" என்றான்.

"நான் பாத்தேன். நீ பாத்தியா?"

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தெருமுனை வரை போனவன் நின்றான். கையிலிருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்பி வந்து அதை என் மேசைமேல் வைத்தான்.

"பழுது இல்லாம போனா என்னனு சொல்றது மனாங்?"

"சூப் வேணும்னு சொல்லு. போ!"

வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சட்டையில் துடைத்துக்கொண்டே போனான். சாயங்காலம் ஆகி, தண்ணீர் வரும் நேரமும் தாண்டியது. அவன் வரவில்லை. பெட்டிக்குள் அவன் போன் விடாமல் அடித்தது. எடுத்தேன். யாரோ ஒரு அம்மாள், வீடெல்லாம் தண்ணீர் என்று கத்தினாள்.

"இன்னைக்கு வரமாட்டான்மா. வாளிய வச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.