ஒரு மூச்சு நேரம்

ஷோரூமில் அவனை எல்லோரும் ஜப்பான் என்றுதான் கூப்பிட்டார்கள். மேலாளர் அம்மா முதல் கண்ணாடி துடைக்க வருகிறவர் வரை யாருக்கும் அவனுடைய சொந்தப் பெயர் சட்டென்று நாக்கில் வராது. அந்த நாட்டில் அவன் காலே வைத்ததில்லை. ஆனால் அங்கிருந்து வரும் கார்களை விற்கிற வேலையில் சேர்ந்த நாள் முதல், அந்தக் கம்பெனியின் வரலாறு அவனுக்குத் தன் குடும்பக் கதை மாதிரி ஆகிவிட்டது.

வாடிக்கையாளர் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதற்குள் கதையைத் தொடங்கிவிடுவான். தையல் எந்திரத்துக்கு ஊசி செய்துகொண்டிருந்த ஒரு பட்டறை. போரில் கூரை போய், சுவர் போய், ஒரே ஒரு கடைசல் எந்திரம் மிஞ்சியது. கிடைத்த தகரத்தில் சட்டி செய்து வயிற்றைக் கழுவினார்கள். பிறகு மூன்று சக்கரச் சுமை வண்டி. அப்புறம் இரண்டு கதவு வைத்த குட்டிக் கார். கடல் தாண்டி அனுப்பியபோது, இது காரா, பிஸ்கட் டப்பாவா என்று சிரித்தார்கள். எண்ணெய்த் தட்டுப்பாடு வந்ததும் சிரித்தவர்களே அந்த டப்பாவுக்கு வரிசையில் நின்றார்கள். இந்த இடத்தில் ஜப்பானின் குரல் தழுதழுக்கும். கடைசியில் நிறுவனரின் கதையைச் சொல்லுவான். வண்டி சரியில்லை என்று யார் சொன்னாலும் அந்தப் பெரியவர் தானே சொன்னவர் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாராம். சும்மா விலை கேட்டுப் போகலாம் என்று வந்தவர்கள்கூட இதைக் கேட்டுவிட்டு நிறம் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவனுடைய அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் வாங்கினார். அவர் பல் டாக்டர். அதிகம் பேசமாட்டார், நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதால் தன் வாயை மூடிப் பழகிவிட்டது என்று அக்கா கேலி செய்வாள். பேசினால் வார்த்தை ஒவ்வொன்றும் அளந்து வரும். அக்காவையும் ஜப்பானையும் தவிர அவர்கள் பிறந்த வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லை. சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. வீட்டில் முதலில் கார் ஓட்டியவளும் அவள்தான். இன்றுவரை அவள் ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

வாங்கிய சில மாதங்களில் அத்தான் குறை சொல்லத் தொடங்கினார். சிக்னலில் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு மூச்சு நேரம் செத்துப்போகிறது, அப்புறம் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு பாய்கிறது, கியரில்தான் ஏதோ கோளாறு என்றார். சர்வீஸுக்கு விட்டார். குறையே இல்லை என்று கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி விட்டார். மறுபடியும் கழுவினார்கள். சர்வீஸுக்கு விட்டதில் வண்டி பளபளவென்று ஆனதுதான் மிச்சம் என்றார் அத்தான்.

அந்தக் காரை வாங்கியவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் நாள் தவறாமல் சண்டை நடக்கும். டாக்ஸிக்காரர் ஒருவர், இரண்டு தடவை உலகத்தைச் சுற்றுகிற தூரம் ஓட்டிவிட்டேன், எண்ணெய் மாற்றியதைத் தவிர வண்டிக்கு ஒன்றுமே செய்ததில்லை, பெற்ற பிள்ளைகூட இப்படி உழைக்காது என்பார். பள்ளி ஆசிரியை ஒருவர், ஏசி என் முழங்காலுக்கு மட்டும்தான் குளிர்கிறது, தலை வெந்துபோகிறது என்பார். உங்கள் தலை எதிலும் வெந்துதான் போகும் என்று இன்னொருவர் வம்புக்கு இழுப்பார். இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அத்தான் கியர் விஷயத்தைத் திட்டாமல், திருத்தமாக எழுதினார். எழுதிய அன்றைக்கே, எனக்கும் அப்படித்தான், எனக்கும்தான் என்று மளமளவென்று ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. ஜப்பான் நாட்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. கார் வாங்கியவர்கள் எல்லோரையும் அழைத்து, ஷோரூமிலேயே நாற்காலி போட்டு, அவர்களைப் பேசவைக்கத் திட்டம். கியர் கோளாறுக்காரர்கள் தங்கள் சார்பில் பல் டாக்டர்தான் பேசவேண்டும் என்று முடிவுசெய்தார்கள்.

மேலாளர் அம்மா ஜப்பானைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வட்டார அதிகாரி பதவி காலியாக இருப்பதையும், அவனுடைய பெயரை அவர் மேலே சொல்லியிருப்பதையும் முதலில் நினைவூட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"உங்க அத்தான்தானே. எப்படி அடக்குவீங்களோ, அது உங்க பாடு. எனக்கு அன்னிக்கு ஹால்ல சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேக்கணும்."

அன்று மாலையே அவன் அக்கா வீட்டுக்குப் போனான். அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஜப்பான் சுற்றி வளைத்துக் கெஞ்சிப் பார்த்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு வாய்ப்பு, அதில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள் என்றான். அத்தான் பேப்பரை மடித்து வைத்தார்.

"நான் யாரையும் திட்டப் போறதில்ல, மாப்பிள்ளை. வண்டி ஒரு மூச்சு நேரம் செத்துப்போகுதுன்னு மட்டும் சொல்லப்போறேன். உங்க பெரியவர் தரையில உக்காந்து கேட்பாராமே. நீங்க நாற்காலியிலயே உக்காந்து கேளுங்க, போதும்."

ஜப்பானுக்குச் சுருக்கென்றது. எழுந்து வாசலுக்கு நடந்தான். வாசல் வரை வந்த அக்கா, அவர் மனசு இப்போ சரியில்லடா, நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். காரணம் அவனுக்கும் தெரியும். ஒரு மாதம் முன்பு அவள்தான் அழுதுகொண்டே அவனிடம் சொல்லியிருந்தாள். அத்தானின் இடது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நரம்பு டாக்டரிடம் போனபோது ஜப்பான்தான் துணைக்குப் போனான். இப்போதைக்கு மாத்திரையில் கட்டுப்படும், வலது கைக்கு வரவில்லை, இன்னும் பல வருஷம் தொழில் பார்க்கலாம் என்று அந்த டாக்டர் தைரியம் சொன்னார். அத்தானின் கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக்கூட இது தெரியாது. உன் காதோடு இருக்கட்டும் என்று அக்கா அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

விழா நாளில் ஷோரூம் நிறைந்து வழிந்தது. ஜப்பான் வரலாற்றைச் சொன்னான், கைதட்டல் பறந்தது. டாக்ஸிக்காரர் தன் வண்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத குறையாகப் புகழ்ந்தார். ஆசிரியை முழங்கால் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். வந்திருந்த அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளர் காதோரம் சொல்ல, அவரும் புன்னகைத்தார்.

அத்தான் எழுந்தார். வலது கையில் மைக். இடது கை கால்சட்டைப் பைக்குள். நோயாளியிடம் எந்தப் பல்லை எடுக்கவேண்டும் என்று விளக்குகிற அதே குரலில் பேசினார். எந்த வேகத்தில், எந்த நிலையில், எப்படி வண்டி செத்துப்போகிறது என்று சொன்னார். இடது பக்கம் லாரி வரும்போது அந்த ஒரு மூச்சு நேரம் எவ்வளவு நீளம் என்று கேட்டார். நாற்காலிகளில் தலைகள் ஆடத் தொடங்கின. சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி மொழிபெயர்ப்பாளர் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டார். மேலாளர் அம்மா ஜப்பானைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பதவி கைநழுவிப் போவது அவனுக்குத் தெரிந்தது.

அவன் இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக அத்தானிடம் போனான். பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும் என்று சொல்லி, மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவரது வலது கையில் மைக் இருந்தது. அத்தான் டம்ளரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவன் எதற்காக நீட்டுகிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் வாங்கியிருக்கலாம். வீம்பு விடவில்லை. இடது கையை வெளியே எடுத்து வாங்கினார்.

டம்ளர் ஆடியது. தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கையை நனைத்து, தரையில் சொட்டியது.

"இப்போ சொல்லுங்க அத்தான்," என்றான் ஜப்பான் மைக்கில். "வண்டி குலுங்குதா, ஓட்டுறவர் குலுங்குறாரா?"

ஹால் குலுங்கிச் சிரித்தது. மேலாளர் அம்மா கைதட்டினார். ஏன் சிரிக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். குடும்பக் கேலி என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருக்கவேண்டும். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். மூன்றாம் வரிசையில் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்த வாரம்தான் அத்தான் கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தார். அவள் மெதுவாகத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் அவளைப் பார்த்துத் தன் கன்னத்தைத் தொட்டாள்.

அத்தான் டம்ளரை மேசையில் வைத்தார். அதற்கு மைக்கை விட்டுவிட்டு இரண்டு கையும் தேவைப்பட்டது. கடைசி வரிசையில் இருந்த அக்கா எழுந்து வந்து, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், கணவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

பத்து நாளில் கிளினிக் காற்று வாங்கத் தொடங்கியது. வேர்ச் சிகிச்சைப் பெண் பாதி வேலையோடு வேறு டாக்டரிடம் போனாள். ஊருக்குப் போகிறோம், வலி நின்றுவிட்டது என்று ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். வேலை பார்த்த பெண் கொஞ்ச நாள் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். போன் குழுவில் யார் எந்தக் குறை சொன்னாலும், உங்களுக்கும் கை நடுங்குதா என்று பதில் வந்தது. யாருக்கும் தன் கையைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வேண்டியிருக்கவில்லை. கியர் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. ஜப்பான் வட்டார அதிகாரி ஆனான்.

அந்தக் கேலியை நம்பியது ஊர் மட்டுமல்ல, அக்காவும் நம்பிவிட்டாள். தம்பி செய்ததை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம் அவளை அரித்தது. ஒரு நாள் காலையில் அத்தானிடமிருந்து சாவியை வாங்கி, இனி நானே ஓட்டுகிறேன் என்றாள். அவர் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி குலுங்குவது தன் கையால்தானோ என்று அதற்குள் அவருக்கே சந்தேகம் வந்திருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மதியம், நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் அக்கா ஆக்சிலரேட்டரை மிதித்தாள். வண்டி செத்துப்போனது. ஒரு மூச்சு நேரம் கழித்துத் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு, தவறான நேரத்தில் சந்தியின் நடுவில் பாய்ந்தது. குறுக்கே திரும்பிய லாரி அவள் இருந்த பக்கத்துக் கதவோடு அவளை நசுக்கியது. பின்சீட்டில் இருந்த அத்தானுக்கு நெற்றியில் ஒரு வெட்டு மட்டும். நடுங்குகிற கையாலும் நடுங்காத கையாலும் அவர்தான் அவளை வெளியே இழுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஜப்பான் ஓடி வந்தபோது, அத்தான் அறுவை அரங்குக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது, உயிருக்குப் பயமில்லை, பழையபடி நடப்பாளா என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜப்பான் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றான். அத்தானே தலை நிமிர்ந்தார்.

"அவ கை நடுங்கல, மாப்பிள்ளை," என்றார்.

அதற்கு மேல் அவர் அவனிடம் எதுவும் பேசவில்லை, பிறகும் பேசியதில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் அதே மாதிரி விபத்து வேறு ஊர்களிலும் நடந்து, கம்பெனி கியர்ப் பெட்டியில் கோளாறு என்று ஒப்புக்கொண்டது. எல்லா வண்டிக்கும் இலவசமாகப் புதிது மாட்டித் தருவதாக அறிவித்தார்கள். அதை மேடை மேடையாக விளக்குகிற பொறுப்பு ஜப்பானுக்குத்தான் வந்தது. தவறை ஒப்புக்கொள்கிற கம்பெனி உலகத்தில் எத்தனை என்று கேட்டு அவன் முடிக்கும்போது சிலர் கைதட்டவும் செய்தார்கள். டாக்ஸிக்காரர், வண்டி முன்பைவிட நன்றாக ஓடுகிறது என்று குழுவில் எழுதினார்.

அக்கா அவனை வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவளை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது. அத்தான் இனி ஓட்டுவதில்லை. நான் வருகிறேன் அக்கா என்று ஜப்பான் சொன்னபோது அவள் தலையசைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கம்பெனி வண்டி வாசலுக்கு வரக்கூடாது. அவன் போட்டிக் கம்பெனியின் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். வட்டார அதிகாரி யாருடைய வண்டியை ஓட்டுகிறார் பாருங்கள் என்று ஷோரூமில் பேசிக்கொண்டார்கள்.

அவளும் அத்தானும் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். வலப்பக்கம், இடப்பக்கம், இங்கே நிறுத்து என்பதைத் தவிர அவனிடம் அவளுக்குப் பேச்சில்லை. அவன் பழைய விஷயங்களைச் சொல்லிப் பார்த்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னான். அழுதும் பார்த்தான். அவள் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சிகிச்சை அறை வாசலில் அவன் அவளுடைய கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தான். பயிற்சி தருகிற பெண் புதியவள். வாசலில் ரொம்ப நேரமாக நிற்கிறாரே, அவர் யார், உள்ளே வந்து உட்காரச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"வண்டி ஓட்டுறவர்," என்றாள் அக்கா. "அவர் வெளியிலயே இருப்பார்."

"நல்ல மனுஷனாத் தெரியுது. பேர் என்ன?"

"கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்துவைத்தாள்.

பயிற்சி முடிய இன்னும் நேரம் இருந்தது. ஜப்பான் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, வண்டியை வாசல் பக்கம் கொண்டுவரப் போனான்.