உபதேசியாரின் மிச்ச வார்த்தை

உபதேசியார் ஞானையனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது, முப்பது வருடம் ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்த நாக்கில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. "போதும்."

பசித்தாலும் போதும். மூத்திரம் முட்டினாலும் போதும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் போதும். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பூங்கனிக்கு இது விளங்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை அவளும் அவர் சொன்னதும் கஞ்சியை நிறுத்தியவள்தான். ஆள் ஓலைக்கீற்றாய் இளைத்தார். ஒருநாள் அவள் கஞ்சிச் சட்டியோடு எழுந்தபோது, இடக்கையால் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையிலும் அதே வார்த்தை. மறுபடி உட்கார்ந்து ஊட்டினாள். சட்டி காலியானது.

அதன்பிறகு அவள் அவர் வாயைக் கேட்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். வயிறு நிறைந்தால் இடக்கையால் தட்டிவிடுவார். அதுவரை கொடுக்க வேண்டும். இரும்புக் கரண்டி பட்டால் பல்லைக் கடிப்பார் என்று தினமும் பச்சைப் பிலாவிலை பறித்து, கூம்பாய் மடித்து ஈர்க்குக் குத்தி, அதில் கோரிக் கொடுப்பாள். காலையில் வெந்நீரில் துடைத்து, புரட்டிப்போட்டு, முதுகுப் புண்ணுக்கு எண்ணெய் தடவிய வாழையிலை விரிப்பாள். பீத்துணியைக் குளத்துக்குக் கொண்டுபோனால் படித்துறையில் பெண்கள் தள்ளி நிற்பார்கள். "நாளைக்கு உங்களுக்கும் இதுதாம்டி," என்று சிரித்துக்கொண்டே அலசுவாள்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப்பத்து ஆவணியில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரும் சபையார் சிலரும் வந்தார்கள். பூங்கனி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உபதேசியாரே, சொகமா இருக்கியளா?" என்றார் போதகர்.

"போதும்."

போதகருக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேட்டியளா? 'என் கிருபை உனக்குப் போதும்'ங்க வசனத்த இவ்வளவு கஷ்டத்துலயும் சொல்லுகாரு!"

பூங்கனி அடுத்த வாய் கொடுத்தாள். உபதேசியாரின் மருமகள் செல்லபாய்க்கு வந்தவர்கள் முன்னால் மானம் போனது. "ஏட்டி, வாய்விட்டு போதும்னு சொல்லுகாரு. பன்னிக்குத் திணிக்கது மாதிரி திணிக்கியே!"

"செல்லபாயம்மா, அது பேச்சில்ல. நாக்குல ஒட்டிக் கெடக்க சத்தம். இப்பம் பாருங்கோ." பூங்கனி குனிந்தாள். "ஐயா, உமக்க பேரு என்ன?"

"போதும்."

"இண்ணைக்கு என்ன கெழம?"

"போதும்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் பூங்கனி நினைத்தாள். போதகர் மெல்லக் கையை உயர்த்தினார்.

"தன் பேர மறந்தாரு. நாள மறந்தாரு. கிருபைய மட்டும் மறக்கல பாத்தியளா!"

"தோத்திரம்!" என்றார்கள் எல்லோரும்.

அன்று சாயங்காலம் மகன் சத்தியராஜ் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவன்.

"நாளையிலேருந்து வரண்டாம், பூங்கனி. செல்லபாய் பாத்துக்கிடுவா."

"நான் வரண்டாம்ன்னா வரல்ல, சார். கஞ்சிய மட்டும் நிறுத்தப்பிடாது. கையத் தட்டுத வரைக்கும் குடுக்கணும்."

"எங்கப்பா பேச்சக் கேக்க ஏழு மைலு நடந்து வருவாவ. அதுல மிச்சம் கெடக்கது இந்த ஒரு வார்த்த. அதையும் சத்தம்ன்னு சொல்லாத, பிள்ளே."

கோபித்திருந்தால் அவளும் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவன் கெஞ்சினான். கெஞ்சுகிறவனிடம் என்ன சொல்வது?

பூங்கனிக்குக் கொட்டாரம் ஊரில் பிரசவித்த ஒருத்தியைப் பார்க்கும் வேலை கிடைத்தது. பத்து நாள் கழித்து, அந்த வழியாய்ப் போகிறவள்போல உபதேசியார் வீட்டு அடுக்களைப் பக்கம் வந்து நின்றாள். செல்லபாய் கோபமெல்லாம் வைத்திருக்கவில்லை. உட்காரச் சொன்னாள்.

"ஒரு தொந்தரவும் இல்ல கேட்டியா. ரெண்டு கரண்டி. போதும்ங்காரு, நிறுத்திருவேன்."

"கையத் தட்டுகாரா?"

"கையா? அதத் தூக்கவே சத்து இல்லியே."

"செல்லபாயம்மா, ஒரே ஒரு தடவ நான் குடுத்துப் பாக்கட்டா?"

"வேண்டாம் பிள்ளே. சார் அறிஞ்சா வருத்தப்படுவாரு. ஞாயித்துக்கெழம தோறும் அந்த வார்த்தயக் கேக்க ஆளு வருது."

உள்ளிருந்து அந்தக் குரல் ஒருமுறை கேட்டது. செல்லபாய் ஜெபத்துக்குப் போடுவதுபோல் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் ஆள் வந்தது. கடைசியாகக் குளிப்பாட்டுவதற்குப் பழகிய கை வேண்டுமாம்.

முன்பு அவரைப் புரட்ட அவள் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்ற வேண்டியிருக்கும். இப்போது ஒரு கையே அதிகம். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. புண் எலும்புவரை போயிருந்தது. முன்னறையில் பாட்டு தொடங்கியிருந்தார்கள்.

சத்தியராஜ் கதவோரம் வந்து நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் அதில் ஒரு நிறைவு இருந்தது.

"விடியக்காலம் மூணு தரம் சொன்னாரு, பூங்கனி. தெளிவா. பொறவு அடங்கிட்டாரு. நீ இருந்தா கேட்டிருப்ப."

மூன்று தரம். பூங்கனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் இவன் இனி எந்தச் சோற்றை விழுங்குவான்?

"ஆமா சார்," என்றாள். "கேட்டிருப்பேன்."

பிறகு பழைய வேட்டியில் ஒரு கீற்றுக் கிழித்து, திறந்தே கிடந்த வாயை மூடி, தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டினாள்.