நாலு ஸ்பீக்கர், ஒரு ரிசீவர்

பகல் முழுக்க மூட்டை சுமந்த அவன் தோள் விண்விண்ணென்று வலித்தது. காது மந்தமான அப்பாவுக்குப் படத்தில் பேசுவது கேட்கட்டுமென்று, மச்சானிடம் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி, பழைய இரண்டோடு சேர்த்து, டி.வி. சத்தத்தைப் பெருக்கித் தரும் ஒரே ரிசீவரில் மாட்டியிருந்தான். சத்தத்தைக் கூட்டினால் ரிசீவர் அணைந்துபோனது.

"நாலு பேர் தோள் குடுத்தா சுமை குறையணுமே?" என்று பார்க்க வந்த மச்சானிடம் கேட்டான்.

"சுமக்கிறது ரிசீவர், மாப்ள. ஸ்பீக்கர்தான் மூட்டை. ரெண்டைக் கழட்டு," என்றான் மச்சான்.

கழற்றினான். முழுக்கக் கூட்டியும் அணையவில்லை. "இப்பத்தான் வாயத் திறக்குறானுங்க," என்றார் அப்பா.

குறைத்தால் எப்படிக் கூடும்? அவனுக்கு மண்டை காய்ந்தது.

"அப்ப உன் ஸ்பீக்கர எடுத்துக்க, மச்சான்."

"குடுத்தது குடுத்ததுதான்."

ஸ்பீக்கருக்கு ஈடாக வாங்கும்போதே அவன் ஒப்புக்கொண்டிருந்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுச் சாமான்களைச் சுமந்து புதுவீட்டில் சேர்க்கும் கடன் அப்படியே பாக்கி நின்றது.