ஒன்பது குழி விருந்தாளி

குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தின் கோல்ஃப் மைதானங்கள் கோத்தகிரிக்குச் சுற்றுலா வரும். அந்த மாதங்களில் அங்கே வெளிச்சம் குறைவு, ஆட வருகிறவர்களும் குறைவு. கோத்தகிரியின் மூடுபனியும் தூறலும் அவற்றுக்குப் பழகினவை. ஊட்டியில் ஏற்கெனவே ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே போனால் உறவுக்காரர் வீட்டில் தங்கினது போல ஆகிவிடும் என்று பெரும்பாலானவை கோத்தகிரியோடு நின்றுகொள்ளும்.

பேருந்து நிலையத்துக்கு மேலே ஏறும் சாலையில் கோமளவல்லியின் லாட்ஜ் இருந்தது. அப்பா அவளுக்கும் தம்பி சத்தியசீலனுக்கும் விட்டுப்போனது. உள்வேலை எல்லாம் அவள், வெளிவேலை எல்லாம் அவன். லாட்ஜுக்குப் பின்னால் படிப்படியாக இறங்கும் கேரட் நிலத்தில், அறுவடை முடிந்ததும் மைதானங்களைத் தங்கவைப்பார்கள்.

தொடக்கத்தில் பெயர்பெற்ற பெரிய மைதானங்கள்தான் வந்தன. கூட்டமாக வரும். கோடநாடு காட்சிமுனையைப் பார்த்துவிட்டு, யூகலிப்டஸ் தைலம் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் கிளம்பிவிடும். இப்போது போக்கு மாறிவிட்டது என்று சத்தியசீலன் சொல்வான். சுற்றுலாத் தொழில் பற்றிக் கோயமுத்தூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவன் போய்விடுவான். இப்போதெல்லாம் சின்ன மைதானங்கள் தனியாக வருகின்றன, மாதக்கணக்கில் தங்குகின்றன, எதையும் சுற்றிப் பார்க்கக் கேட்பதில்லை. அவற்றுக்கு வேண்டியது ஓய்வு. இனிமேல் வியாபாரம் அதில்தான் என்பது அவன் கணிப்பு.

டன்வாரி மைதானம் மார்கழி தொடக்கத்தில் வந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் சின்ன ஊர் ஒன்றைச் சேர்ந்தது, ஒன்பதே குழிகள். மேட்டுப்பாளையத்திலிருந்து வெறும் சாக்குகளோடு திரும்பிய காய்கறி லாரியில், கோரைப்பாய் போலத் தன்னைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் படுத்து வந்திருந்தது. லாரிக்காரரும் கோமளவல்லியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி விரித்தார்கள். எட்டுக் குழிகள் நிலத்தில் அடங்கிவிட்டன. ஆறாவது குழி மட்டும் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போய் விழுந்தது. தோட்டக்காரர் பெள்ளன் வந்து பார்த்தார். தன் மாடு அதில் காலை விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

மைதானம் முதல் குழியின் வழியாகப் பேசியது. அதன் தமிழில் குறையில்லை. முன்பு வந்துபோன பெரியப்பா மைதானம் சொல்லிக்கொடுத்திருந்ததாம். ஆட வருகிறவர்கள் காலையில் எத்தனை மணிக்கு வருவார்கள் என்றுதான் முதலில் கேட்டது.

"இங்க யாரும் ஆட மாட்டாங்க. நீங்க ஓய்வெடுக்கத்தான வந்திருக்கீங்க" என்றாள் கோமளவல்லி.

"ஆமாம் அம்மா. அதற்குத்தான் வந்தேன். அதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை."

அது உண்மைதான் என்று போகப்போகத் தெரிந்தது. விடிவதற்கு முன்பே மைதானம் எழுந்துகொள்ளும். புல்லை ஒரே பக்கமாகச் சாய்த்துப் படியவைத்து, மணற்பள்ளங்களைச் சீராக்கி, குழிகளில் நட்ட கொடிகளை நேராக நிறுத்திக்கொண்டு பொழுது சாயும்வரை காத்திருக்கும். யாரும் வராததற்கு மாலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கும். கோமளவல்லி எத்தனையோ மைதானங்களைப் பார்த்தவள். இது அவள் மனத்தை உறுத்தியது. வீட்டுக்குள் வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வது போல ஒருநாள் கொடிகளை எல்லாம் பிடுங்கிச் சாமான் அறையில் வைத்தாள். கொடிகள் இருந்த இடத்தில் மைதானம் காற்றை நேராக நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது குழியின் கரையில் உட்கார்ந்து அவள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா எப்படி ஓய்வெடுப்பீர்கள் என்று அது கேட்டது. கோமளவல்லி யோசித்தாள். கூடை நிறைந்துவிட்டது. கடைசியில், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவேன் என்றாள். அப்படியானால் கரண்ட் போகும்வரை தானும் காத்திருப்பதாக மைதானம் சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் பராமரிப்புப் பணிக்காக நாள் முழுக்க மின்தடை. கோமளவல்லி சமையற்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து மேட்டில் உட்கார்ந்தாள். இருவரும் சும்மா இருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மைதானத்தின் மேடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து தாழ்ந்தன. புல் தனக்குத் தோன்றிய பக்கம் சாய்ந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது அதை யாரும் மைதானத்துக்குச் சொல்லவில்லை. சில நாட்களில் ஓரங்களில் மஞ்சள் பூ பூத்தது. ஒரு காட்டெருமை வந்து ஐந்தாவது குழிக்கருகில் படுத்து அசைபோட்டுவிட்டுப் போனது. மைதானம் அதை எழுப்பவில்லை. கோமளவல்லிக்கு நிறைவாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் சத்தியசீலன் கோயமுத்தூரிலிருந்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். வெள்ளியங்கிரி என்ற மில் முதலாளியும் அவர் சிநேகிதர்களும் ஸ்காட்லாந்து மைதானத்தில் ஆட ஆசைப்படுகிறார்கள். விசா இல்லை, விமானம் இல்லை, இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். இப்படி ஒரு வாய்ப்பு இந்த மலையில் வேறு யாருக்கும் கிடைக்காது என்றான்.

"வேலை செய்யறதுக்கு அது இங்க வரலை, சீலா."

"கால் வெச்சா தேஞ்சா போயிரும்? அதுக்கு அதுதானக்கா தொழிலே."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் போனைக் காட்டினான். அவர்கள் ஏற்கெனவே பாதி மலை ஏறி, குஞ்சப்பனை சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டிருந்தார்கள். தம்பி கொடுத்த வாக்கை அவள் இதுவரை ஒருமுறையும் மீறியதில்லை. அப்பா இருந்த காலத்திலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான்.

கோமளவல்லி போய் முதல் குழியருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். மைதானம் புல்லை மறுபடி ஒரே பக்கமாகப் படியவைத்துக்கொண்டது. பிறகு, "மட்டையோடு யாராவது வந்து நின்றால் நான் ஆட இடம் கொடுத்துவிடுவேன் அம்மா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது" என்றது.

அந்தப் பதில் தன் வாயிலிருந்து வந்தது போல இருந்தது அவளுக்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்பதாவது குழியின் பக்கமிருந்து மைதானத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். பூக்கள் நசுங்காமல் மெதுவாகச் சுருட்டினாள். தோளில் தூக்கியபோது நினைத்த அளவுக்குக் கனமில்லை. நாலாம் நம்பர் அறைக் கட்டிலில் படுக்கவைத்துக் கம்பளியால் மூடினாள். விட்டுப்போன ஆறாவது குழியைப் பெள்ளன் தேயிலைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மில் முதலாளியும் சிநேகிதர்களும் வெள்ளை ஷூக்களோடும் மட்டைப் பைகளோடும் வந்து இறங்கினார்கள். பின்னால் வெறும் கேரட் நிலம் படிப்படியாகக் கிடந்தது.

"கிரவுண்டு எங்கீங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

சத்தியசீலன் அக்காவைப் பார்த்தான்.

"தூங்குதுங்க. எழுப்ப மாட்டேன்" என்றாள் கோமளவல்லி.

அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. வெள்ளியங்கிரி தலையசைத்தார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதுதான், காத்திருக்கிறோம் என்றார். மொறுமொறுப்பான வர்க்கியும் டீயும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்களில் ஒருவரும் அப்படி இருந்து பழகினவர் இல்லை. கொஞ்ச நேரம் போனை எடுத்துப் பார்த்தார்கள், பிறகு அதையும் வைத்துவிட்டார்கள். வெயில் நன்றாக விழுந்திருந்தது. வெள்ளியங்கிரி ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு படிநிலத்தில் நீட்டிப் படுத்தார். மற்றவர்களும் வரிசையாகப் படுத்தார்கள். சத்தியசீலன் மட்டும் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் தூங்கிவிட்ட பிறகு அவனும் கடைசிப் படியில் படுத்தான்.

அப்போது நாலாம் நம்பர் அறை திறந்தது. மைதானம் பாதி விரிந்தபடி வாசலில் நின்றது. ஆறாவது குழியைத் தானே பொருத்திக்கொண்டிருந்தது. இருநூறு வருஷமாகத் தன் மேல் மனிதர்கள் நடந்திருக்கிறார்கள், நடப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது, இவர்கள் மேல் ஒரு தரம் நடந்து பார்க்கலாமா என்று கேட்டது.

"மெதுவா நடங்க" என்றாள் கோமளவல்லி.

மைதானம் மெதுவாகத்தான் நடந்தது. முதல் குழி முன்னால் போக, மற்றவை பின்னால் போக, மேல் படியில் தொடங்கி ஒவ்வொருவர் மேலும் ஏறி இறங்கியது. வெள்ளியங்கிரியின் முழங்காலில் இடறியபோது மன்னிப்புக் கேட்டது. அவர் தூக்கத்திலேயே பரவாயில்லை என்றார். சத்தியசீலனிடம் வந்ததும் சற்று நின்று, அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

எழுந்தவர்களின் சட்டையில் புல் ஒட்டியிருந்தது. பல வருஷத்து முதுகுவலி போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். வெள்ளியங்கிரி மறுவாரமே இன்னும் சில பேரோடு வந்து படுக்க இடம் கேட்டார். சத்தியசீலன் அக்காவிடம் வந்து என்ன சொல்லட்டும் என்றான். இதற்கு முன் அவன் அப்படிக் கேட்டதில்லை. அவள் மைதானத்தைக் கேட்டாள்.

"இந்த வருஷம் வேண்டாம் அம்மா" என்றது மைதானம்.

சத்தியசீலன் அதை அப்படியே போய்ச் சொன்னான்.

பங்குனியில் கேரட் விதைக்கும் வேளை வந்ததும் மைதானம் புறப்பட்டது. பூக்களோடுதான் சுருண்டது. லாரி திருப்பத்தில் மறையும்வரை கோமளவல்லி வாசலில் நின்றாள். உள்ளே வந்து, கரண்ட் இருந்தும், கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து போன் வந்தது. பேசியது டன்வாரியை ஒட்டிக் கிடக்கும் கடல். மைதானத்தைத் தேடி வந்ததாகவும், வழியில் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்துவிட்டதாகவும் சொன்னது. வந்தது வந்தாயிற்று, சில நாள் தங்கிப் போகலாமா என்று கேட்டது. கீழ்த்தளம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கிறது என்றாள் கோமளவல்லி. சாப்பாட்டில் மட்டும் உப்பைக் குறைத்துப் போடும்படி கடல் கேட்டுக்கொண்டது. அவள் சரி என்றாள். மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், பஸ்ஸில் முன்பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை சுற்றாது என்றும் சொன்னாள்.